மதகுக்கு அந்தப் பக்கம் பேரன்

எனக்கும் என் மாமிக்கும் ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, மாமியாரைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற பசு மருமகள் இவள் என்று யாராவது நினைத்துவிடுவீர்கள். நான் முல்லைத்தீவுக் கடற்கரைப் பெண். வேதக்காரி, மாதா கோயில் சனம். ஐயா கடலுக்குப் போக, அம்மா மீன் விற்க, வாயால் பிழைக்கப் பழகியவள். மாமியோ மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, கலவரத்தில் இருந்ததெல்லாம் எரிந்த பிறகு பிள்ளைகளோடு வன்னிக்கு வந்து, தர்மபுரத்துக்கு உள்ளே காடு வெட்டிக் குடியேறியவர். அவருடைய மகனை விரும்பிக் கட்டிக்கொண்டு நான் அந்த வாசலில் போய் நின்றபோது, மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மீனு வாடை தூக்குது" என்றார். "கழுவினால் போயிடும் மாமி. வாய் வாடைதான் போகாது" என்றேன் நான். அன்றைக்குத் தொடங்கியது.

மாமிக்கு மகனை விட்டால் ஒரே ஒரு மகள். என் மச்சாள். அவள் வவுனியாவில் அரிசி ஆலையில் வேலை செய்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டாள். வவுனியா ஒன்றும் சீமை இல்லை. பஸ் ஒழுங்காக ஓடிய காலத்தில் காலையில் போய்ப் பின்னேரம் திரும்பி வந்துவிடலாம். ஆனால் எங்கள் காலத்தில் ஓமந்தைக்கு அங்கால் இராணுவம். போக ஒரு பாஸ், வர ஒரு பாஸ். அதில் எழுதிய நாளுக்குள் திரும்பாவிட்டால் தொலைந்தோம். கலியாணம் முடித்துப் போன மகளை மாமி அதற்குப் பிறகு காணவே இல்லை. வருசக்கணக்காக அவளுக்குப் பிள்ளையும் இல்லை. மாமி தன் மாரியம்மனுக்கு வைக்காத நேர்த்தி இல்லை. கடைசியில் ஒரு மார்கழியில், லொறிக்காரர் ஒருவர் செய்தி கொண்டுவந்தார். மச்சாளுக்கு ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது, பாஸ் கிடைத்ததும் பிள்ளையைக் கொண்டுவந்து தாயின் மடியில் போடுவாள் என்று.

அதற்குப் பிறகு மாமியைப் பிடிக்க முடியவில்லை. ரோட்டால் போகிறவர்களை எல்லாம் மறித்து, "எம் பேரன் வாறான்" என்றார். நான் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த பூப்போட்ட சீத்தைத் துணியை எடுத்து, ஒரு வார்த்தை கேட்காமல், குட்டிக் குட்டிச் சட்டைகளாக வெட்டித் தைத்துவிட்டார். நான் குதித்தேன். "ஒனக்கு எப்பவும் தச்சுக்கலாம் புள்ள" என்று சிரித்தார். மனுசிக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அது யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் சண்டைக்குத் தப்பிக் கிளாலிக் கடல் தாண்டி வன்னிக்கு வந்த மாரிகாலம். பள்ளிக்கூடம், கோயில், மரத்தடி எங்கும் மனிதர்கள். எங்கள் வீட்டு வளவிலும் ஒரு குடும்பம் கொட்டில் போட்டிருந்தது. மழை விடாமல் பெய்து, கிணறும் கக்கூஸ் குழியும் ஒன்றாகிப்போன இடங்கள் எத்தனையோ. தை பிறந்த கையோடு வயிற்றோட்டமும் சத்தியும், அதுதான் வாந்திபேதி, தொடங்கின. முதலில் கிளிநொச்சிப் பக்கம் என்றார்கள். பிறகு பக்கத்துக் குடியேற்றம் என்றார்கள். பிறகு எங்கள் ஒழுங்கையிலேயே, சில வீடு தள்ளி, ஒருவர் நோயில் விழுந்தார்.

அப்போதுதான் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். பெற்றோல் இல்லாத காலம். மண்ணெண்ணெயில் ஓடும் அவருடைய மோட்டார்சைக்கிள் இருமிக்கொண்டே வந்து நிற்கும், பின்னால் புகை வந்து சேரும். மாரியம்மன் கொட்டகைக்கு முன்னால் எல்லோரையும் கூட்டிவைத்து, தொண்டை கட்டும் வரைக்கும் கதைத்தார். தண்ணியைக் கொதிக்க வைத்துக் குடியுங்கோ, சந்தைக்குப் போகாதேங்கோ, செத்தவீட்டுக்குப் போகாதேங்கோ, வெளியாட்களை உள்ளே எடுக்காதேங்கோ, நீங்களும் வெளியே போகாதேங்கோ.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டளை என்றாலே எனக்கு ஆகாது. பெற்ற தகப்பன் "போனால் திரும்பி வராதே" என்று சொன்னதற்கே பயப்படாமல் படியிறங்கி வந்தவள் நான். எழும்பி நின்று கேட்டேன்: "ஐயா, ஓமந்தையில ஒருத்தர் மறிக்கிறார். ஆனையிறவில ஒருத்தர் மறிக்கிறார். கடலுக்குப் போனால் நேவி மறிக்கிறான். மிச்சமா இருந்தது எங்கட ஒழுங்கை. அதையும் நீங்கள் மறிக்க வந்திட்டீங்களோ?"

சனம் கை தட்டியது. அருவி வெட்டு, நெல் அறுப்பு, தொடங்குகிற நேரம். பெரிய கமக்காரரின் வயலில் கூலிக்குப் போனால்தான் எங்களில் பாதிப் பேருக்கு அடுப்பு எரியும். மற்றப் பாதி விறகு கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர்கள். நான் கேட்டதில் என்ன பிழை? இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் கேட்பேன்.

பரிசோதகர் பாவம், கையில் இருந்த தாளைப் புரட்டினார். அப்போது மாமி எழும்பினார். எனக்கு ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவரும் அந்த மனிதரைத்தான் கேட்டார்.

"அப்ப பூட்டு போடப் போறீங்களா ஐயா?"

"என்னம்மா?"

"நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப தோட்டத்துல இதே நோய் வந்துச்சு. தொரை எங்க லயத்துக்கு வேலி போட்டு, கம்போட ஆள நிறுத்திட்டான். எங்கப்பா அன்னைக்கி தேயிலை ஸ்டோருல வேலை, அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாரு. என் தம்பி உள்ள செத்துப்போனான். அப்பாவுக்கு மொகத்தக்கூட காட்டல்ல. அதான் கேக்குறேன். பூட்டுவீங்களா?"

இந்தக் கதையை அதற்கு முன் நானும் கேட்டதில்லை, பெற்ற மகனும் கேட்டதில்லை. பரிசோதகர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார். "அம்மா, என்னட்டப் பூட்டும் இல்லை, நிறுத்திறதுக்கு ஆக்களும் இல்லை. நான் கேக்கிறன். அவ்வளவுதான்" என்றார்.

 மாமி தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார். வரும் வழியில் நான் வாயைக் கிளறிப் பார்த்தேன். "வீட்டுல மஞ்சள் எவ்வளவு கெடக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் பொழுது விடிய, மாமி ஒரு தட்டில் மஞ்சள் துண்டுகளும் மஞ்சள் பூசிய நூலும் வைத்துக்கொண்டு கொட்டகையில் இருந்தார். காப்புக் கட்டப் போகிறாராம்.

மலைநாட்டுச் சனத்தின் மாரியம்மன் திருவிழா தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊரில் காப்புக் கட்டிவிட்டால், அதை அறுக்கிற நாள்வரை யாரும் எல்லை தாண்டி வெளியே போகக்கூடாது. வெளியாள் உள்ளே வந்தால் அவனும் காப்பு அறுக்கும்வரை திரும்பக்கூடாது. சுத்தபத்தமாக இருக்க வேண்டும், கண்ட இடத்தில் தண்ணீர் குடிக்கக்கூடாது. வருசா வருசம் பங்குனியில் இதைச் செய்வார்கள். நான் வேதக்காரி என்று ஒதுங்கி நின்று பகிடி பண்ணுவேன். ஆனால் தை மாதத்தில், ஊரெல்லாம் நோய் கிடக்கிற நேரத்தில் யார் காப்புக் கட்டுவது? பூசாரி சண்டைக்கே வந்துவிட்டார். காலம் தப்பிக் கட்டினால் தெய்வக் குற்றம் என்றார்.

"ஆத்தா நாளு பாத்துட்டா நோயக் கொண்டாந்தா?" என்றார் மாமி. "நாம மட்டும் ஏன் நாளு பாக்கணும்? கையக் காட்டுங்க." முதல் காப்பு பூசாரியின் கையில் ஏறியது.

ஆட்கள் வரிசையில் நின்று கட்டிக்கொண்டார்கள். முதல் நாள் எனக்குக் கை தட்டியவர்கள்தான். பரிசோதகர் தொண்டை கிழியக் கத்தியும் அசையாதவர்கள், நூலைக் கண்டதும் கையை நீட்டினார்கள். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. வளவில் இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பமும் கட்டியது. கடைசியில் மாமி என் முன்னால் வந்து நின்றார்.

"நான் கட்டமாட்டன். எனக்கு மாதா இருக்கிறா" என்றேன்.

"இருக்கட்டும். அவகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கட்டிக்க."

"வெளிய போகவேணும் எண்டா நான் போவன்."

"போ. யாரு புடிச்சா? போறதுக்கு முன்னாடி நீயே அத அறுத்து என் கையில குடுத்துட்டுப் போ."

கையை நீட்டிவிட்டேன். அந்த நூல் எவ்வளவு பலம் என்று நினைக்கிறீர்கள்? குழந்தை இழுத்தாலும் அறும். சில நாள் கழித்து என் கணவரே அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, வாய்க்கால் பக்கத்தால் கூலிக்கு நழுவப் பார்த்தார். மாமி அவரையும் மறிக்கவில்லை. அதே வார்த்தையைச் சொல்லி உள்ளங்கையை நீட்டினார். மனிதர் முணுமுணுத்துக்கொண்டு திரும்பி வந்து வீட்டுப் பின்கோடிக்குள் படுத்துவிட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் மரவள்ளிக் கிழங்கு மட்டும்தான். ஆனாலும் யாரும் அறுக்கவில்லை.

ரோட்டு மதகுதான் எங்கள் எல்லை. அதன் குறுக்கே இரண்டு தடி நட்டு, வேப்பிலை கட்டிய கயிறு ஒன்றைக் கட்டினார்கள். அதற்கு அந்தப் பக்கம் பரிசோதகர் தினமும் வந்து நிற்பார். கிணற்றுக்குப் போடுகிற குளோரின், சவுக்காரம், எப்போதாவது கொஞ்சம் சீனி என்று கொண்டுவந்ததை மதகுக் கட்டின்மேல் வைத்துவிட்டு விலகி நிற்பார். நாங்கள் எடுத்ததும் தன்னுடைய கையைத் தேய்த்துக் கழுவுவார். ஒருநாள் பகிடியாக, "அம்மா, எனக்கும் ஒண்டு கட்டிவிடுங்கோவன்" என்றார். "கட்டினா நீங்க வீட்டுக்குப் போக ஏலாது ஐயா. மத்த ஊருக்கு யாரு போறது?" என்றார் மாமி. இருவருக்கும் அப்படி ஒரு பிடிப்பு வந்துவிட்டது. அவர் சொல்கிறதை மாமி தன் பாஷையில் மாற்றிச் சொல்வார். கொதித்தாறிய தண்ணீரில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, காப்புக் கட்டியவர் குடிக்கிற தீர்த்தம் இதுதான், வேறு தண்ணி வாயில் படக்கூடாது என்று சட்டம் போட்டார். சும்மா சொல்லக்கூடாது, ஒரு அரசாங்கத்தையே மனுசி நடத்தினார்.

நோயாளிகளைக் கொட்டகையில் கிடத்தியிருந்தார்கள். அவர்களைப் பார்க்கிற வேலையை மாமி வேறு யாருக்கும் விடவில்லை. எங்கள் வளவில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மாவும் விழுந்தார். அவர் அதுவரை எங்கள் வீட்டுக் கோப்பையில் தேத்தண்ணி குடிக்கவே யோசித்தவர். மாமி அவருடைய தலையை மடியில் வைத்து, உப்புப் போட்ட கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினார். அவருடைய துணியை எடுத்துக் கொதிநீரில் போட்டு அலசினார். "நான் செய்யிறன் விடுங்கோ" என்று நான் போனால், "ஒனக்கு இன்னும் புள்ளை பொறக்கணும், தள்ளிப் போ" என்று விரட்டினார். அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் வந்தது என்ன என்று அப்போது தெரியவில்லை. இப்போது தெரிகிறது. மதிப்பு. இப்படி ஒரு பெண் என் வீட்டில் இருக்கிறார் என்ற பெருமை.

சுற்றியிருந்த குடியேற்றங்களில் சாவு விழுந்தது. எங்கள் கொட்டகையில் கிடந்தவர்கள் எல்லோரும் எழும்பி நடந்தார்கள். அம்மன் காத்தாள் என்றார் பூசாரி. குளோரின் என்றார் பரிசோதகர். மாமியிடம் கேட்டால், "ரெண்டுந்தான்" என்பார். அடுத்த செவ்வாய்க்கிழமை பொங்கல் வைத்துக் காப்பு அறுத்தோம். அந்த வருசமே சண்டை எங்கள் பக்கம் வந்து, தர்மபுரத்தை விட்டு ஓடினோம். பாதை முழுதாகப் பூட்டுப்பட்டது. அது திரும்பத் திறப்பதற்கு முன்பே, ஓடிய இடத்தில் மாமி காய்ச்சலில் கண்ணை மூடிவிட்டார். ஆகவே பேரனை அவர் கண்டது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அது காப்பு அறுப்பதற்கு முன்னால், மதகடியில்.

அன்றைக்கு முற்பகல். பரிசோதகர் வழக்கம்போல வந்து அந்தப் பக்கம் நின்றார். நான் இந்தப் பக்கம் நின்று அவரோடு சவுக்காரம் போதாது என்று வாதாடிக்கொண்டிருந்தேன். கிறவல் ரோட்டில் தூரத்தில் ஒரு பெண் நடந்து வந்தாள். நெஞ்சோடு ஒரு பொதி. கிட்ட வரத்தான் மச்சாள் என்று கண்டேன். ஐயோ, நான் போட்ட கூச்சல்! "மாமி, ஓடி வாங்கோ! பேரன் வந்திட்டான்!"

மாமி கொட்டகையில் இருந்து ஓடிவந்தார். சேலையை இடுப்பில் செருகி, முழங்கை வரை ஈரம். பின்னால் ஊரே வந்தது. மச்சாள் கயிற்றைக் குனிந்து தாண்டப் பார்த்தாள்.

"நில்லுடி! அங்கயே நில்லு! உள்ள நோய் கெடக்கு, புள்ளையக் கொண்டாராத!"

மச்சாள் அப்படியே நின்றுவிட்டாள். "அம்மா, நாளைக்கு நான் ஓமந்தையைத் தாண்டோணும். பாஸ் முடியுது. இப்ப தூக்காட்டி எப்பம்மா தூக்கப்போறீங்கள்?"

 பரிசோதகர் குறுக்கிட்டார். "அம்மா, கட்டுப்பாடு சொன்னதே நான்தானே. நானே சொல்லுறன். சவுக்காரம் போட்டு நல்லாக் கழுவிப்போட்டு இஞ்சால ஒருக்கா வந்து தூக்குங்கோ. ஒண்டும் நடக்காது."

"கேட்டீங்களே மாமி! ஐயாவே சொல்லிப்போட்டார். போங்கோ!" என்று நான் அவருடைய தோளைத் தள்ளினேன். அவர் அசையவில்லை. தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் கையி காலையில இருந்து என்னத்தையெல்லாம் தொட்டுச்சுன்னு எனக்குத்தான் தெரியும் ஐயா. ஒங்களுக்குத் தெரியாது" என்றார். பிறகு பின்னால் நின்ற சனத்தைத் தலையால் காட்டினார். "நான் தாண்டிட்டு, நாளைக்கு இவங்கள என்னான்னு நிறுத்துவேன்?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்! இவ்வளவு செய்த உங்களுக்கு இதுகூட இல்லையோ? உங்கட மாரியம்மாளுக்குக் கண் இல்லையோ?" என்று நான் கத்தினேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. அவரை நினைத்துக் கை கூப்பத் தோன்றுகிறது, அதே நேரம் பிடித்து உலுக்கவும் தோன்றுகிறது. பின்னால் நின்ற சனத்தில் பெண்கள் பலர் அழுதார்கள். ஒருவரும் "போங்க" என்று சொல்லவில்லை. சொன்னாலும் அவர் போயிருக்கமாட்டார்.

"துணிய அவுத்துக் காட்டு" என்றார் மாமி மகளிடம்.

மச்சாள் மதகுக் கட்டின்மேல் அமர்ந்து, மடியில் பிள்ளையை வைத்து, சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். நல்ல வெயில். பிள்ளை கையைக் காலை அடித்துக்கொண்டு சிணுங்கியது. மாமி கயிற்றுக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்தார்.

"திருப்பு. முதுகக் காட்டு. ம். காலக் காட்டு. இன்னும் தூக்கிக் காட்டு." பிறகு சத்தமாகச் சிரித்தார். "அப்பா காலுடி! ஒங்கப்பா காலு! பெருவெரல பாரு, மடங்கி இருக்கு!" மாமா செத்து எத்தனையோ வருசம். மச்சாள் குனிந்து அந்தப் பெருவிரலைப் பார்த்தாள், தேம்பித் தேம்பி அழுதாள். பிள்ளையும் வீரிட்டு அழுதது.

மாமி எழும்பினார். "ஐயா, ஒங்க கையி சுத்தந்தானே?"

"ஓம் அம்மா."

"என் பேருக்கு நீங்க ஒருக்கா தூக்குங்க."

பரிசோதகர் பையைக் கீழே வைத்தார். சுத்தமென்று சொன்னாலும், போத்தல் தண்ணீரை ஊற்றி, சவுக்காரம் தேய்த்து, இன்னொரு தடவை கழுவினார். ஈரத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு, மச்சாளின் மடியில் இருந்து பிள்ளையை எடுத்தார். தலைக்குக் கீழே ஒரு கை, முதுகுக்குக் கீழே ஒரு கை. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது.

"உச்சிய மோந்து பாருங்க ஐயா."

அவர் குனிந்தார். குனிந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

"என்னா வாசம்?"

 ஊருக்கெல்லாம் தொண்டை கட்டக் கதைத்தவர், மெதுவாக, "பால் மணம் அம்மா" என்றார். "பாலும், கொஞ்சம் வசம்பும்."

மாமி கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுத்தார். எங்கள் பக்கத்தில் குளோரின் மணம் மட்டும்தான் இருந்தது.

"சரி" என்றார். "வெயிலு ஏறுது. புள்ளை தலைய மூடிக் கொண்டு போ."